மிச்சத்தை வெட்டியவர்

அவர் யாரையும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க விட்டதில்லை. "அண்ணாச்சி, நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு..." என்று நான் ஆரம்பித்தால், "வந்துருதேன் ஐயரம்மா" என்பார். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வர வேண்டாம், நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பேன். மறுநாள் பன்னிரண்டரைக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த நான்கு வருஷத்தில் இப்படி எத்தனையோ தடவை நடந்தது. அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

என் வீட்டுக்காரர் சபை குருவானவர். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. எனக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது என் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு மாறுதல் வரும், லாரியில் பீரோவை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம். அதனால் ஊர்களை நான் ஆட்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். சங்கரன்கோவில் என்றால் எனக்குக் கோபுரமோ ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டமோ பூ மார்க்கெட்டோ கண்ணில் வருவதில்லை. இவர்தான் வருகிறார். பெயரை எழுத மாட்டேன். ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது, அது போதும்.

கல்யாணங்களை வீடியோ எடுத்து, பிறகு வெட்டி ஒட்டிக் கொடுக்கிற மிக்சிங் வேலை அவருக்கு. கழுகுமலை ரோட்டில், இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள் இரைந்துகொண்டிருக்க, நடுவில் ஒற்றை அறை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன மிட்டாய் டப்பா இருக்கும், அதற்குள் மெமரி கார்டுகள். நாம் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். பேச்சு நீண்டால் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் தொடையோரம் கத்தரி மாதிரி அசையும். அவருக்கே அது தெரியாது. சபைக் கமிட்டியில் அசைந்தது, கல்லறைத் தோட்டத்தில் அசைந்தது, அவர் மனைவியை அடக்கம் பண்ணின அன்றும் அசைந்ததாம்.

"விஷயம் ஒண்ணுதான் இருக்கும் ஐயரம்மா. மிச்சமெல்லாம் அதச் சுத்தி இருக்க தறிச் சத்தம்" என்பார். மூன்று மணி நேரக் கல்யாணத்தை மூன்று நிமிஷமாக ஆக்கிவிடுவார். பார்த்தால் அழுகை வரும். அப்படி ஒரு கைவேலை.

என் வீட்டுக்காரருடைய பிரசங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து அவர் இறங்கியதே கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு வித்தை உண்டு. எதிராளியின் குரலை எடுத்துக்கொள்வார். சந்தேகப்படுகிறவன், ஊரை ஏய்க்கிறவன், ஊதாரி மகன் என்று அந்த ஆளாகவே மாறி, கையை ஆட்டி, குரலை உயர்த்தி ஐந்து நிமிஷம் பேசுவார். தூங்குகிற பெரியவர்கள் அதற்கென்றே விழித்துக்கொள்வார்கள். பிறகு அங்கியைச் சரிசெய்து, மேடையை இரண்டு தட்டுத் தட்டி, அமைதியாகப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். அந்தத் தட்டுக்கு முன்னால் வருவது அவர் பேச்சு இல்லை, பின்னால் வருவதுதான் அவர் பேச்சு என்பது சபையில் கடைசி பெஞ்சுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கொரோனா முடிந்து எல்லோருக்கும் போனில் ஆராதனை பார்க்கிற பழக்கம் வந்த பிறகு, அண்ணாச்சியே ஒரு நாள் வந்து கேட்டார். "ஐயரு பிரசங்கத்த ரீல்ஸா போடுவோமா? நாப்பது செகண்டு. வாரம் ஒண்ணு." போட்டார். தறிச் சத்தத்தை எடுத்துவிட்டு, அடியில் மெல்லிய இசை வைத்து, பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டு அவர் கொடுத்ததில் என் வீட்டுக்காரர் ஜொலித்தார். சூரத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் 'ஆமென்' வந்து குவிந்தது. மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"பாத்தியா, நம்ம பிரசங்கத்த மஸ்கட்ல கேக்காங்க."

"கேட்டது நாப்பது செகண்டுதான. மிச்சத்த இருபத்திரண்டு வருஷமா நான்லா கேக்கேன்" என்றேன்.

முதல் உறுத்தல் மேலநீலிதநல்லூர்க் குடும்பம் ஒன்றால் வந்தது. அண்ணன் தம்பி தகராறு பற்றிய ஒரு பிரசங்கத்தில், கோபக்காரத் தம்பியாக மாறி என் வீட்டுக்காரர் பேசியதை மட்டும் வெட்டி அண்ணாச்சி போட்டுவிட்டார். அதைத் தம்பிக்காரன் ஸ்டேட்டஸில் வைத்து, ஐயரே சொல்லிவிட்டார் என்று அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். இவர் அண்ணாச்சியிடம், "நான் அப்படியாவே சொன்னேன்?" என்று கேட்டார்.

"உங்க வாய்தான ஐயரே. நான் ஒரு வார்த்த சேக்கலயே."

அது உண்மைதான். அவர் எந்தக் காலத்திலும் எதையும் சேர்த்ததில்லை. நாங்கள் இருவரும் சிரித்து மழுப்பினோம்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள். ஜெபா என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு பெயர். இருபத்தேழு வயது, பி.எட். முடித்தவள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. காலையும் ராத்திரியும் மாத்திரை போட்டாள், அதனால் நான்கு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. அந்த மாத்திரையை அவளாக எடுத்துப் போட விட மாட்டார் அண்ணாச்சி. எட்டு மணி ஆனால் எந்தக் கல்யாண வீட்டில் இருந்தாலும் கேமராவை ஆளிடம் கொடுத்துவிட்டு வண்டியில் வந்து, அட்டையைக் கிழித்து, அவள் கையில் வைத்து, தண்ணீர் டம்ளரையும் அவரே பிடிப்பார். அவள் இல்லாவிட்டால் அவருக்கு யாரும் இல்லை. அந்தப் பாசத்தை நான் கண்ணால் பார்த்தவள், அதனால் அவரை எளிதாக வெறுக்க முடியவில்லை.

மாத்திரைதான் கல்யாணத்துக்குத் தடையாக வந்தது. இரண்டு சம்பந்தம் முறிந்தது. இரண்டாவது இடத்தில் பையனின் அம்மா எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தே கேட்டாள், "மாத்திரை இல்லாம ஒரு மாசம் இருப்பாளா உங்க பொண்ணு?" அண்ணாச்சி அவள் வாயையே பார்த்தார். தொடையோரம் விரல்கள் அசைந்தன. ஜெபா உள்ளே என் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றும் காதில் விழாதவள் போலப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்து விசேஷ ஜெபம் பண்ணச் சொல்லுவார். என் வீட்டுக்காரரும் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி, "ஆண்டவர் சுகம் தருவாரு. அதுக்காக மாத்திரைய..." என்று ஆரம்பிப்பார்.

"தருவாரு ஐயரே" என்று எழுந்துவிடுவார் அண்ணாச்சி.

அந்த வருஷம் குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு ஆள் சுற்றிக்கொண்டிருந்தான். எந்தச் சபை என்று தெரியாது, வெள்ளைச் சட்டை, கையில் எண்ணெய் பாட்டில். வியாதிக்காரர் வீடாகப் பார்த்துப் போய் மாத்திரையைக் குப்பையில் போட வைப்பான். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்குக் கால் அழுகியது. என் வீட்டுக்காரர் கொதித்துப்போய் அடுத்த ஞாயிறு அதையே பிரசங்கம் ஆக்கினார். வழக்கம்போல அந்த ஆளாகவே மாறினார். "மாத்திரைய நம்புதியா, ஆண்டவர நம்புதியா? நம்புறவனுக்கு அட்டை எதுக்கு, பாட்டில் எதுக்கு? தூக்கி எறி! இன்னைக்கே எறி! எறிஞ்சவ வீட்டுல அற்புதம் நடக்கும்!" என்று சபைக் கோயில் அதிரக் கத்தினார். பிறகு இரண்டு தட்டு. பிறகு மெல்லிய குரலில், இப்படிச் சொல்லிக்கொண்டு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள், மருந்தும் ஆண்டவர் தந்ததுதான், ஒரு வேளைகூட விடாதீர்கள் என்றார்.

நான் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். தூணோரம் கேமராவோடு நின்ற அண்ணாச்சியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கேமரா மட்டும் ஆடவில்லை. அவர் அழுதது அந்தத் தட்டுக்கு முன்னால் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. தட்டுக்கு முந்தின நாற்பது விநாடி. மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் 'தூக்கி எறி' என்று இருந்தது. அதுவரை போட்டதையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை பேர் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து, இளையரசனேந்தலில் ஆராதனை முடித்து வண்டியை எடுத்தபோது ஒரு அம்மாள் இவர் கையைப் பிடித்து, "உங்க வார்த்தைய நம்பி பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன் ஐயரே" என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. செருப்பைக் கழற்றாமல் ஹாலில் நின்றபடியே போன் பண்ணி அண்ணாச்சியை வரச் சொன்னார்.

வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அத உடனே எடுத்துருங்க. நான் பேசுனது அந்த ஏமாத்துக்காரன் பேச்சு. நீங்க நின்னு கேட்டியள்லா?" என்றார் இவர்.

"கேட்டேன் ஐயரே."

"பின்னால நான் சொன்னதயும் கேட்டியளா?"

"கேட்டேன். அது நீங்க பயந்து சொன்னது." அவர் குரலில் மரியாதைக் குறைவே இல்லை, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "முதல்ல வந்ததுதான் பரிசுத்த ஆவியானவர் பேசுனது. நீங்க அடுத்தவன் குரல்னு நெனச்சுப் பேசுதிய. எம் மகளுக்குச் சொல்ல வேண்டியத உங்க வாயில வச்சு அவரு சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமா இந்த வார்த்தைக்குத்தான் நான் காத்துக் கெடந்தேன்."

நான்தான் கேட்டேன். "ஜெபா மாத்திரை போடுதாளா அண்ணாச்சி?"

"நிறுத்தி ஒம்பது நாளு ஐயரம்மா. ஒண்ணும் வரல."

அன்றே சபையின் இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்தார்கள். எடுத்து என்ன. குரூப் குரூப்பாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் எந்தக் குரலும் எடுக்காமல், காகிதத்தில் எழுதி வைத்து, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரே விஷயத்தைப் பத்து நிமிஷம் படித்தார். அண்ணாச்சி அன்று கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வீட்டு வாசலில் நின்று சொன்னார். பலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், ஐயருக்கு மேலிடத்தில் நெருக்கடி போல என்றார்கள்.

நான் ஜெபாவைப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி கடையில் இருந்த நேரம். வீட்டில் அலமாரி மேல் மாத்திரை டப்பா இருந்த இடத்தில் பூ ஜாடி இருந்தது.

"எனக்காகப் போடு மக்கா. அப்பாட்டச் சொல்ல வேண்டாம். நான் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று பைக்குள்ளிருந்து எடுத்தேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இத்தன வருஷமா அப்பா என்னப் பாக்கும்போது மாத்திரையத்தான் பாத்தாரு ஐயரம்மா. எட்டு மணி ஆச்சா, போட்டியா, வாயத் தொற. இப்பதான் என் மூஞ்சியப் பாக்காரு. நேத்து எங்கூட உக்காந்து ஒரு மணி நேரம் பேசுனாரு தெரியுமா? நான் சொன்னத முழுசாக் கேட்டாரு."

"வந்துட்டுன்னா என்ன செய்வ?"

"வரலியே" என்று சிரித்தாள். "நாசரேத்துல இருந்து ஒரு எடம் கேட்டு வந்திருக்கு. உண்மையச் சொல்லிட்டோம், இப்ப மாத்திரை இல்லன்னும் சொல்லிட்டோம். சரின்னுட்டாங்க."

அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் வாயைத் திறக்க வைத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை சந்தோஷமாக இருந்தது, அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயம் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு போன் அடித்தால் யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று குடும்பம் குடும்பமாகக் காய்கறி, தானியம், கோழி என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். விரும்பினவர்கள் மைக்கை வாங்கி இரண்டு வார்த்தை நன்றி சொல்லலாம். அது அந்தச் சபையில் பழைய வழக்கம், யாரையும் தடுக்க முடியாது. ஜெபா ஒரு கூடை வெண்டைக்காயோடு வந்தாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. அண்ணாச்சி நடைபாதையில் முழங்கால் போட்டுப் படம் பிடித்தார். என் வீட்டுக்காரர் மைக்கை எட்டி வாங்க ஒரு அடி எடுத்து வைத்தார், அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒம்பது வயசுல இருந்து மாத்திரை சாப்பிட்டேன். இன்னைக்கு இருபத்தாறு நாளாச்சு, மாத்திரையத் தூக்கி எறிஞ்சுட்டேன். நான் நல்லாயிருக்கேன்."

சிரித்தாள். கைதட்டல் எழுந்தது. இடது கை மணிக்கட்டோடு உள்ளே மடங்கியதை நான் முதலில் பார்த்தேன். மைக் விழுந்து கோயிலே கிரீச்சிட்டது. அவள் பின்பக்கமாகப் பலிபீடப் படியில் விழுந்தாள். வெண்டைக்காய் நாலாபக்கமும் சிதறியது. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது என் புடவையெல்லாம் ரத்தம். அண்ணாச்சி அதே இடத்தில் முழங்காலில் இருந்தார். கேமராவை இறக்கவில்லை. இறக்க மறந்துவிட்டார் என்றுதான் நம்புகிறேன்.

ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரை நிறுத்தி எத்தனை நாள்?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் ஐசியு வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போனில் கட்டை விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பச்சைப் பட்டில் ஜெபா. "நான் நல்லாயிருக்கேன்" என்று சிரிக்கிறாள், கைதட்டல், அதோடு முடிகிறது. கை மடங்குவதற்கு ஒரு விநாடி முன்னால்.

"என்ன காரியம் பண்ணுதிய அண்ணாச்சி!"

"போட்டுட்டேன் ஐயரம்மா. என் சொந்தப் பக்கத்துல." நிமிர்ந்து பார்த்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "நாலாயிரம் பேரு ஆமென் போட்டிருக்காங்க. இன்னும் போடுவாங்க. அத்தன பேரு ஆமென் சொன்னா ஆண்டவரு தள்ளுவாரா? விழுந்தத யாரும் பாக்க வேண்டாம். அவ நல்லாயிருக்கேன்னு சொன்னதுதான் விஷயம்."

அந்த போனைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நாலாம் நாள் ஜெபா போய்விட்டாள்.

கமிட்டி கூடியது. யாரைக் கேட்டு அந்தத் 'தூக்கி எறி' வீடியோவைப் போட்டீர் என்று கேட்டார்கள். அண்ணாச்சி பதில் சொல்லவே இல்லை. நான் பக்கத்து அறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். சபை வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள். அதோடு கல்யாணங்களும் வருவது நின்றுபோனது. மே மாதம் எங்களுக்கு மாறுதல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றுகிற அன்று வாசலில் வந்து நின்றார், ஷேவ் பண்ணாத முகம். நான் "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கே விழவில்லை. நான் முடிப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றார். என்னால்தான் முடிக்க முடியவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

போன மாதம், இப்போது நாங்கள் இருக்கும் ஊரில், ஒரு தாய் என்னைத் தேடி வந்தாள். ஆறு வயதுப் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். "ஐயரம்மா, இந்தப் பிள்ளையப் பாருங்களேன், என்ன அழகா சாட்சி சொல்லுது" என்று போனை நீட்டினாள். பச்சைப் பட்டு. பிச்சிப்பூ. "எம் பையனுக்கும் நிறுத்திட்டேன். அஞ்சு நாளாச்சு."

நான் செருப்புக்கூடப் போடவில்லை. ஆட்டோவைப் பிடித்து அவளையும் பிள்ளையையும் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன், படியில் விழுந்தது, நாலாம் நாள், எல்லாம். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். டாக்டர் பார்த்தார், மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அந்த அண்ணாச்சி, ஐயரு பேசுனத அப்படி வெட்டி வெளிய விட்டாரே, விடுறதுக்கு முன்னால யாருகிட்டயும் காட்ட மாட்டாரா?"

காட்டுவார். என் வீட்டுக்காரருக்கு நேரம் இருக்காது என்பதால் ஒவ்வொரு வீடியோவையும் என்னிடம் கொண்டுவந்து காட்டி, நான் சரி சொன்ன பிறகுதான் போடுவார். அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். அந்தத் தாயிடம் இதைச் சொல்லவில்லை. இங்கேயும் இவ்வளவு நேரம் எழுதாமல் தாண்டி வந்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோது நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று போனை நீட்டினார். "ஐயரம்மா, இத மட்டும் முழுசாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். இவர் கையை உயர்த்துவது தெரிந்தது, குரல் நன்றாக விழுந்திருந்தது, மஞ்சள் எழுத்து எடுப்பாக இருந்தது. பத்து விநாடி இருக்கும். எண்ணெய் தெறித்தது.

"நல்லாருக்கு அண்ணாச்சி, போடுங்க" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டேன்.